கொரோனா வைரஸும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்

கோவிட்-19 நோயை உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 வைரஸின் மரபுப்பொருள், ஏறத்தாழ 29,900 நியூக்ளியோடைடுகள் வரிசையாகக் கோத்த ஒற்றை ஆர்.என்.ஏ. இழையாகும். அது நுழையும் மனித உயிரணுவுக்குள்ளோ, 22 நியூக்ளியோடைடு அளவே நீளமுள்ள, தாமாக எந்தப் புரதத்தையும் உருவாக்காத, ஆனால் எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதில் தலையிடுகின்ற சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கான வகைகளில் முன்னரே இருக்கின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் இச்சிறு மூலக்கூறுகளும் அந்த நீண்ட இழையும் ஒரே உயிரணுவில் எதிர்ப்படும்போது என்ன நிகழ்கிறது என்ற கேள்வி, 2020-க்குப் பிறகு ஆய்விதழ்களில் கட்டுரைகளைப் பெருக்கியது. அவற்றுள் பெரும்பாலானவை, இரு வரிசைகளையும் கணினியில் பொருத்திப் பார்த்துத் தயாரித்த பட்டியல்களாகவே நின்றுவிட்டன. ஆய்வகத்தில் சோதித்து நிறுவப்பட்டவை குறைவு. ஆயினும் அந்தக் குறைவானவை காட்டும் சித்திரம், பட்டியல்கள் தந்த சித்திரத்திலிருந்து வேறானதும் அதைவிடச் சுவையானதும் ஆகும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கண்டுபிடிப்புக்கும் வைரஸுக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் வளர்ச்சிப் பருவங்கள் வரிசை பிறழாமல் நிகழ்வது எப்படி என்று ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர்கள் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும், லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் உருவாக்காமல் ஒரு சிற்றிழையை மட்டுமே தருகிறது என்பதையும், அச்சிற்றிழை லின்-14 என்ற வேறொரு மரபணுவின் செய்தியோடு ஒட்டிக்கொண்டு அதன் புரத உற்பத்தியை அடக்குகிறது என்பதையும் 1993-இல் வெளியிட்டனர். புழுவுக்கே உரிய விநோதம் என்று பலராலும் ஒதுக்கப்பட்ட இக்கண்டுபிடிப்பு, 2000-ஆம் ஆண்டில் லெட்-7 என்ற இரண்டாவது சிற்றிழை புழுவில் மட்டுமன்றி மனிதர் உட்பட்ட பல விலங்குகளில் மாறாமல் இருப்பது தெரியவந்த பிறகே உரிய கவனத்தைப் பெற்றது. 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. உருவாகும் வழி, வைரஸ் பற்றிய பிற்பகுதி வாதங்களுக்கு அடிப்படையாதலால், சற்று விரிவாகவே அறியத்தக்கது. உயிரணுவின் உட்கருவில் மரபணுவிலிருந்து முதலில் படியெடுக்கப்படுவது ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. இழை, அதன் ஒரு பகுதி தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி வடிவம் கொள்ள, ட்ரோஷா என்னும் நொதி அந்தக் கொண்டை ஊசியை மட்டும் வெட்டி எடுக்கிறது. ஏறத்தாழ 70 நியூக்ளியோடைடு நீளமுள்ள அத்துண்டு உட்கருவை விட்டு வெளியேறிச் சைட்டோபிளாசத்தை அடைந்ததும், டைசர் என்னும் மற்றொரு நொதி அதன் வளைந்த முனையை நறுக்கிவிடுகிறது. எஞ்சும் இரட்டை இழைகளுள் ஒன்று ஆர்கோனாட் என்ற புரதத்துக்குள் அமர்ந்துகொள்ள, மற்றது கழிக்கப்படுகிறது. இவ்வாறு ஆர்கோனாட்டில் அமர்ந்த சிற்றிழைதான், உட்கருவின் கட்டளையை ரைபோசோமுக்கு எடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.க்களில் தனக்குப் பொருந்தும் வரிசை உள்ளதா என்று தேடுகிறது. முழு நீளமும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவது எழுத்து (அதாவது நியூக்ளியோடைடு) முதல் எட்டாவது எழுத்து வரையிலான ‘விதைப் பகுதி’ பொருந்தினாலே பெரும்பாலும் போதும். பொருந்தினால் அத்தூதின் வால் குறைக்கப்பட்டு, அது விரைவில் சிதைகிறது அல்லது புரதமாக மொழிபெயர்க்கப்படுவது தளர்கிறது.

இங்கே நினைவில் நிறுத்தவேண்டியது, இந்த அடக்குதலின் அளவு. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. தன் இலக்கான புரதத்தை முற்றிலும் நிறுத்திவிடுவது அரிது. பெரும்பாலான இலக்குகளில் அது ஏற்படுத்தும் குறைவு பாதிக்கும் கீழேதான். மனித மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் மேற்பார்வையில் இருந்தும், ஒன்றை நீக்கினால் உயிரணு பல வேளைகளில் பெரிதாகத் தடுமாறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திருத்தியமைப்பது இதன் தொழில், அழித்தொழிப்பது அன்று.

இனி வைரஸின் பக்கம். சார்ஸ்-கோவ்-2 தன் கூர்ப்புரதத்தால் உயிரணுப் பரப்பிலுள்ள ஏசிஇ2 ஏற்பியைப் பற்றி உள்ளே புகுந்ததும், அதன் ஆர்.என்.ஏ. இழை தூது ஆர்.என்.ஏ.வைப் போலவே நேரடியாக ரைபோசோமால் வாசிக்கப்படுகிறது. உருவாகும் புரதங்களுள் என்எஸ்பி1 என்பது ரைபோசோமின் வாயிலை அடைத்து உயிரணுவின் சொந்தச் செய்திகளை வெளியே நிறுத்த, வேறு சில புரதங்கள் உயிரணுச் சவ்வுகளை வளைத்து இரட்டைச் சுவர்ப் பைகளை அமைத்து, அவற்றின் மறைவில் வைரஸ் ஆர்.என்.ஏ.வைப் பெருக்குகின்றன. தென்கொரியாவின் நேரி கிம் தலைமையிலான குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுக்கு உள்ளான வேரோ என்னும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வரிசை வாசிக்கப்பட்ட ஆர்.என்.ஏ.க்களுள் 65 விழுக்காடு வைரஸுடையதாக இருந்தது. ட்ரோஷா நொதியின் பணியை 2003-இல் கண்டறிந்தவரும் இதே நேரி கிம்தான் என்பது, இவ்விரு துறைகளும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதைக் காட்டும்.

வைரஸ் ஆர்.என்.ஏ. தூது ஆர்.என்.ஏ.வைப் போன்றதே என்றால், மைக்ரோ ஆர்.என்.ஏ. அதனோடும் ஒட்டிக்கொண்டு அதை அடக்கலாம் அல்லவா? இந்த எளிய எதிர்பார்ப்பிலிருந்துதான் கணினிப் பட்டியல்கள் கிளம்பின. அவற்றின் வலுக்குறைவை ஒரு சிறு கணக்கே வெளிப்படுத்திவிடும். நான்கு எழுத்துகள் சம விகிதத்தில் கலந்திருப்பதாகக் கொண்டால், ஏழு எழுத்துள்ள குறிப்பிட்ட ஒரு வரிசை தற்செயலாக 16,384 இடங்களுக்கு ஒருமுறை தோன்றும். ஆகவே ஏறத்தாழ 30,000 எழுத்துள்ள வைரஸ் இழையில், எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொண்டாலும் அதன் விதைப் பகுதிக்குப் பொருந்தும் இடங்கள் சராசரியாக இரண்டு தற்செயலாகவே கிடைக்கும். தரவுத்தளங்களில் மனிதருக்கு உரியவையாகப் பதிவான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் 2,600 அளவில் உள்ளன. கடுமையான அளவுகோல்களால் சலித்தெடுத்தால் தேறுபவை 500-ஐ ஒட்டியவையே. பதிவான அனைத்தையும் பொருத்திப் பார்ப்பவருக்கு, உயிரியல் பொருள் எதுவுமே இல்லாவிட்டாலும், 4,000-க்கு மேற்பட்ட ‘பொருத்தங்கள்’ கிடைப்பது உறுதி. நுரையீரல் உயிரணுவில் இருக்கவே இருக்காத ஒரு சிற்றிழையும் இப்பட்டியலில் இடம்பெறும் என்பதை ஆய்வாளர் பலர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

எதிர்பார்ப்பு முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஹெப்படைட்டிஸ்-சி வைரஸும் மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் கொண்டுள்ள உறவு 2005-இலேயே நிறுவப்பட்டது. கல்லீரலின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பங்கு வகிக்கும் மிர்-122, அவ்வைரஸ் இழையின் தொடக்கப் பகுதியில் இரண்டு இடங்களில் ஒட்டுகிறது. ஆனால் விளைவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. ஒட்டிய சிற்றிழை வைரஸை அடக்காமல், அதன் முனையைச் சிதைவிலிருந்து காத்து அதன் பெருக்கத்துக்கே துணை நிற்கிறது. மிர்-122-ஐக் கட்டிப்போடும் மிராவிர்சென் என்னும் மருந்து 36 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, வைரஸ் அளவைக் குறைத்ததாக 2013-இல் அறிக்கை வந்தது. குதிரை மூளை அழற்சி வைரஸின் கிழக்கு வகையிலோ கதை இன்னும் வளைவானது: அவ்வைரஸ் தன் இழையின் இறுதியில் மிர்-142 ஒட்டுமிடங்களைத் தானே சுமந்து செல்கிறது. நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் மிகுந்திருக்கும் மிர்-142 அங்கே வைரஸை அடக்கிவிடுவதால், அவ்வணுக்கள் எச்சரிக்கை எழுப்புவதில்லை. உடல் விழித்துக்கொள்வதற்குள் வைரஸ் மூளையை அடைந்துவிடுகிறது. வெளிப்பார்வைக்குத் தோல்வியாகத் தெரிவதை வைரஸ் தன் உத்தியாக்கிக்கொண்ட இத்தகைய எடுத்துக்காட்டுகள்தாம், கொரோனா வைரஸிலும் இப்படி ஏதோ ஒன்று இருக்கக்கூடும் என்ற ஆர்வத்தைத் தூண்டின.

ஆனால் இவை விதிவிலக்குகளே என்று கருத வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிரையன் கல்லன் குழுவினர், டைசர் மரபணு நீக்கப்பட்டு அதனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. உருவாக இயலாத மனித உயிரணுக்களில் பல்வேறு வைரஸ்களை வளர்த்துப் பார்த்து, அவற்றுள் பெரும்பாலானவை இயல்பான உயிரணுக்களில் பெருகும் அளவிலேயே அங்கும் பெருகுகின்றன என்று 2014-இல் காட்டினர். மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்மையில் பெருந்தடையாக இருந்திருந்தால், அது நீங்கியதும் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகியிருக்க வேண்டும். வைரஸ்களுக்கு இருக்கும் பாதுகாப்பை ஊகிப்பதும் கடினமன்று: இழை தன்மேல் தானே மடிந்து சிக்கலான வடிவங்கொள்வதால் ஒட்டுமிடங்கள் மறைகின்றன, புரதக் குறியீடு உள்ள பகுதிகளில் ஓயாது நகரும் ரைபோசோம், ஒட்டிய எதையும் உதறிவிடுகிறது, கொரோனா வைரஸுக்கோ இரட்டைச் சுவர்ப் பைகளும், இழையைப் போர்த்தும் ‘என்’ (N) புரதமும் கூடுதல் காப்பாகின்றன. இவை எல்லாவற்றையும் மீறி ஒரு தீங்கான ஒட்டுமிடம் வாய்த்துவிட்டாலும், ஓரெழுத்து மாற்றத்தில் அதைக் களைந்துவிடும் வேகம் ஆர்.என்.ஏ. வைரஸின் பரிணாமத்துக்கு உண்டு.

சார்ஸ்-கோவ்-2 இழையின் கடைசிப் பகுதியிலுள்ள எஸ்2எம் என்ற 41 எழுத்து மடிப்பின் கதை இதற்குப் பொருத்தமானது. பல வைரஸ் குடும்பங்களில் மாறாமல் காணப்படுவதால் இம்மடிப்பு இன்றியமையாதது என்று நம்பப்பட்டது. மிர்-1307 என்ற மனித மைக்ரோ ஆர்.என்.ஏ. அதில் ஒட்டக்கூடும் என்று கணிக்கப்பட்டு, சோதனைக் குழாயில் அவ்வாறு ஒட்டுவதும் காட்டப்பட்டது. பின்னர் வந்த ஓமிக்ரானின் பிஏ.2 வகை, இம்மடிப்பிலிருந்து 26 எழுத்துகளை இழந்த நிலையில் உலகெங்கும் பரவியது. அதன் வழித்தோன்றல்களே பிறகு வந்த அலைகளையும் ஆண்டன. அந்த இடத்தில் எந்தச் சிற்றிழை ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், வைரஸின் பரவலுக்கு அது பொருட்டாக இருக்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து எழுந்த கருத்து ஒன்று, மைக்ரோ ஆர்.என்.ஏ. வைரஸை அடக்காவிட்டாலும், உயிரணுவில் குவியும் வைரஸ் இழைகள் பஞ்சு நீரை உறிஞ்சுவது போல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஈர்த்துக்கொண்டு, அவை இயல்பாக அடக்கி வைத்திருக்கும் மனித மரபணுக்களைக் கட்டவிழ்த்துவிடலாம் என்பது. ஹெப்படைட்டிஸ்-சி வைரஸ் மிர்-122-ஐ இவ்வாறு உறிஞ்சுவது 2015-இல் காட்டப்பட்டதே. எனினும் இது எண்ணிக்கையைச் சார்ந்த விவகாரம். மிர்-122-ஐக் கொண்டு கல்லீரல் அணுக்களில் செய்த அளவீடு ஒன்றில், ஓர் உயிரணுவுக்கு ஒன்றரை இலட்சம் ஒட்டுமிடங்களாவது புதிதாகச் சேர்ந்த பிறகே பிற இலக்குகளின் மேலிருந்த பிடி தளரத் தொடங்கியது. கொரோனா வைரஸ் இழைகள் தொகையில் மிகுதியானவையே; ஆனால் அவற்றில் எத்தனை பைகளுக்கு வெளியே, மடிப்புக் குலைந்து, ஆர்கோனாட்டுக்கு எட்டும் நிலையில் உள்ளன என்பதே தீர்மானிக்கும் எண். இக்கருத்தை முன்வைத்த கட்டுரைகளில் அந்த எண்ணை அளந்து காட்டியவை அரிது.

வைரஸோடு நேரடியாக மோதுவதை விட்டு, உயிரணுவின் சொந்த மரபணுக்களை மைக்ரோ ஆர்.என்.ஏ. எப்படித் திருத்துகிறது என்று பார்க்கும்போதுதான் அதன் உண்மையான பங்கு தெளிவாகிறது. மிர்-200சி என்பது இதயத் தசை அணுக்களில் ஏசிஇ2 ஏற்பியின் அளவைக் குறைப்பது 2020-இல் காட்டப்பட்டது. வைரஸ் நுழையும் வாயிலின் எண்ணிக்கையையே அது தொடுகிறது என்பது இதன் பொருள். இதைவிட முக்கியமானவை அழற்சியோடு தொடர்புடையவை. தொற்றை உணர்ந்த உயிரணுவில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத் தொகுதி விழித்தெழுந்து அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அதே தொகுதி மிர்-146ஏ-வையும் உருவாக்க, அம்மிர்-146ஏ எச்சரிக்கைச் சங்கிலியின் இரண்டு கண்ணிகளான டிராஃப்6, ஐராக்1 ஆகியவற்றை அடக்கி, முடுக்கியவனையே தளர்த்துகிறது. மறுபுறம் மிர்-155 அழற்சியை நீட்டிக்கும் திசையில் செயல்படுகிறது. கோவிட்-19 நோயாளிகள் பலரின் உயிரைப் பறித்தது வைரஸின் பெருக்கம் மட்டுமன்று, கட்டுமீறிய அழற்சியும்தான் என்பதை நினைத்தால், இத்தகைய திருத்திகளின் சமநிலை எவ்வளவு பொருள் வாய்ந்தது என்பது விளங்கும்.

அச்சமநிலையைக் குலைக்கும் வழி ஒன்றைச் சாதாரணச் சளிக்குக் காரணமான ஓசி43 என்ற கொரோனா வைரஸில் 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்று கண்டது. இயல்பு நிலையில் மிர்-9 என்பது என்எஃப்-கப்பா-பி தொகுதியின் ஓர் உறுப்பை அடக்கி வைக்கிறது. ஓசி43-இன் ‘என்’ புரதமோ, வைரஸ் ஆர்.என்.ஏ.வைப் போர்த்துவதே தன் முதற்பணி என்ற போதிலும், மிர்-9-ஐயும் பற்றிக்கொள்கிறது. பிடி தளர்ந்த என்எஃப்-கப்பா-பி மேலும் ஊக்கம் பெறுகிறது. வைரஸின் இழை செய்யும் என்று எதிர்பார்க்கப்பட்ட வேலையை அதன் புரதம் செய்தது இதில் கவனிக்கத்தக்கது.

வைரஸே தனக்கென மைக்ரோ ஆர்.என்.ஏ. தயாரிக்குமா என்பது அடுத்த கேள்வி. ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸ்கள் தயாரிக்கின்றன என்பது 2004-இலிருந்து தெரிந்ததே. ஆனால் அவை டி.என்.ஏ. வைரஸ்கள், உட்கருவுக்குள் வாழ்பவை, ஆதலால் ட்ரோஷா அவற்றுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. கொரோனா வைரஸ் உட்கருவை அணுகாமல் சைட்டோபிளாசத்திலேயே பெருகுவது. மேலும், தன் மரபுப்பொருளாகிய இழையிலிருந்தே கொண்டை ஊசியை வெட்டவிட்டால் தன்னையே சிதைத்துக்கொண்டதாகும். ஆகவே இது நடவாது என்பதே பொதுக்கருத்தாக இருந்தது. ஆனால் 2017-இல் ஸ்பெயின் நாட்டின் லூயிஸ் என்ஹுவானெஸ் குழுவினர், 2002–03 காலத்துச் சார்ஸ் வைரஸ் தொற்றிய எலிகளின் நுரையீரலில் 18 முதல் 22 எழுத்து நீளமுள்ள மூன்று வைரஸ் சிற்றிழைகளைக் கண்டனர். இவை ட்ரோஷா, டைசர் வகை நொதிகளின் உதவியின்றியே உருவாகின்றன. அவற்றுள் ஒன்றைக் கட்டிப்போடும் எதிரிழையைச் செலுத்தியபோது எலிகளின் நுரையீரல் சேதமும் அழற்சியும் குறைந்தன.

சார்ஸ்-கோவ்-2 பற்றிய விடை 2021-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஸ்டைட்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்தது. மூன்று வகை மனித நுரையீரல் உயிரணுக்களிலும் நோயாளிகளின் மூக்குத் தொண்டைச் சளி மாதிரிகளிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை எண்ணிய அக்குழு, தொற்றினால் மனித மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவில் பெரியதும் சீரானதுமான மாற்றம் எதுவும் நேரவில்லை என்று கண்டது. நூற்றுக்கணக்கான பட்டியல்களின் மேல் குளிர்ந்த நீர் தெளித்த இம்முடிவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்லலாம். எதிர்பாராத விதமாக அவர்கள் கண்டது வேறொன்று: வைரஸின் ஓஆர்எஃப்7ஏ மரபணுவின் பகுதியிலிருந்து ஒரு சிற்றிழை பிறந்து, ஆர்கோனாட் புரதத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. ட்ரோஷா தேவைப்படாத இது, அப்பகுதியிலுள்ள வலுவான கொண்டை ஊசி மடிப்பால் ஊக்கம் பெறுகிறது. இதன் இலக்குகளாகக் கருதப்படுபவற்றுள் பிஏடிஎஃப்2 ஒன்று. வைரஸ் வந்ததை அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு அறிவிக்கும் இண்டர்ஃபெரான் அமைப்பில் அதற்குப் பங்குண்டு. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து 2022-இல் வெளிவந்த தனி ஆய்வும் இதே சிற்றிழையைக் கண்டு, டைசர் அதை வெட்டித் தருவதை விளக்கியது. தொடர்பற்ற இரு ஆய்வகங்கள் ஒரே மூலக்கூறை எட்டியது இதன் நம்பகத்தை உயர்த்துகிறது. ஆனால் மனித மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களோடு ஒப்பிட்டால் அதன் அளவு குறைவு முதல் நடுத்தரம் வரையே என்பதால், நோயின் போக்கை இது ஒன்றே நிர்ணயிக்கிறது என்று கொள்வது மிகையாகும்.

டைசரைப் பற்றிய மற்றொரு செய்தியும் 2021-இலேயே இலண்டனின் கிரிக் நிறுவனத்திலிருந்து வந்தது. தாவரங்களும் பூச்சிகளும் வைரஸின் இரட்டை இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. பாலூட்டிகளிலோ இண்டர்ஃபெரான் அப்பொறுப்பை ஏற்றுவிட்டதால் அப்பழைய வழி பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. ஆனால் இண்டர்ஃபெரானுக்குச் சரிவரச் செவிசாய்க்காத குருத்தணுக்களில், டைசரின் சற்றே குறுகிய மாற்று வடிவம் ஒன்று இருந்து, சார்ஸ்-கோவ்-2, சிகா ஆகிய வைரஸ்களின் இழைகளை நறுக்குகிறது என்று அவ்வாய்வு காட்டியது. நுரையீரலின் முதிர்ந்த அணுக்களுக்கு இந்தக் காப்பு பெருமளவில் இல்லை.

நோயாளியின் இரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் தனிப் பொருள். சவ்வுப் பைகளிலும் புரதங்களோடு ஒட்டியும் இவை சிதையாமல் உலவுவதால், நோயின் தீவிரத்தைக் காட்டும் குறியாக இவற்றைப் பயன்படுத்த முடியுமா என்று பலர் முயன்றனர். ஜெர்மனியில் தீவிர சிகிச்சையில் இருந்த கோவிட்-19 நோயாளிகளிடம் மிர்-21, மிர்-155 ஆகியவற்றோடு, இதயத் தசைக்கே பெரிதும் உரியவையான மிர்-208ஏ, மிர்-499 ஆகியவையும் உயர்ந்திருந்தன. இது பெரும்பாலும் சேதமுற்ற உறுப்பின் சுவடு எனலாம். காரணத்தைவிட விளைவையே சொல்லும் இச்சுவடு மருத்துவருக்குப் பயன்படலாம், வைரஸ் உயிரணுவில் என்ன செய்கிறது என்பதை விளக்காது. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மிர்-2392 நோயாளிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் மிகுந்திருப்பதையும், மைட்டோகாண்டிரியாவின் மரபணுக்களை அது அடக்குவதையும் கண்டு, அதைக் கட்டிப்போடும் எதிரிழை வெள்ளெலிகளில் தொற்றின் தாக்கத்தைத் தணித்ததாக அறிவித்தது.

விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் பாதையில் இத்துறை இடறியது ஒருமுறையன்று. மிர்-34ஏ-வைச் செயற்கையாகச் செய்து புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. மிராவிர்சென் பயனுள்ளதாகத் தோன்றியபோதிலும், வைரஸின் நொதியை நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் சந்தைக்கு வந்துவிட்டதால் அதன் தேவையே போய்விட்டது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒருங்கே தொடுவது உயிரணுவுக்கு வசதி, மருந்து செய்பவருக்குச் சிக்கல். கோவிட்-19 சிகிச்சையிலும் பயனுக்கு வந்த ரெம்டெசிவிரும் நிர்மாட்ரெல்விரும் வைரஸின் சொந்த நொதிகளையே முடக்குகின்றன, மைக்ரோ ஆர்.என்.ஏ.வை இலக்காகக் கொண்ட மருந்து எதுவும் அந்நோய்க்கு நடைமுறைச் சிகிச்சையாக வரவில்லை.